முறுக்கு டப்பாவும் ஒற்றைச் செருப்பும்

சொல்லலாம்தான். ஆனால் நான் சொன்னால் எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடிபடாது. ஆனாலும் நீங்கள் ராசாமணியக்கா சொன்னதைக் கேட்டுவிட்டீர்கள். திருச்சியில் பஸ் ஏறினதும் உங்கள் கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, "இவ கண்ணுல படாம சாப்பிடுங்க. இவ பேய்க்கு வெச்சதையே எடுத்துத் தின்னவ" என்று சொல்லிச் சிரித்தாளே, அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லப் போகிறாள். கரூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஆளாவது என் பக்கத்தைக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

அந்தப் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஓரமாக வைக்காதீர்கள். ஆமாம், அப்படித்தான்.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். முன் சீட்டில் ஜன்னலோரமாக வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளே, பச்சைச் சேலை, அவள் பழனாத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ராசாமணியக்கா. நான் தெய்வானை. மூன்று பேருக்கும் கரூரில் ஒரே பெட்ஷீட் கம்பெனியில் வேலை. ராசாமணியக்கா தைக்கிற பக்கம். நானும் பழனாத்தாளும் செக்கிங் மேசை. துணியை விரித்துப் போட்டு, நூல் பிரிந்திருக்கிறதா, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, எனக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டைதான் முதலில் தெரியும். பழனாத்தாள் அப்படி இல்லை. சின்ன ஓட்டை என்றால், "காத்து வரட்டும் விடுடி" என்பாள். அதற்காக மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். மறுபடியும் அதையே சொல்வாள்.

ராசாமணியக்காவின் மகள் நித்யா ஆஸ்திரேலியாவில், பெர்த் என்கிற ஊரில் வீடு வாங்கினாள். கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டாள். தனியாக ஏரோப்ளேனில் ஏறச் சொன்னால் வர மாட்டேன் என்று அம்மா பிடிவாதம். "உன் சிநேகிதிங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்து தொலைம்மா" என்று எங்களுக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். போகிற வழியில் கோலாலம்பூரில் இறங்கி வேறு ப்ளேன் ஏற வேண்டும். காலையில் இறங்கினால் ராத்திரிதான் அடுத்தது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு வேனுக்கும் சொல்லி வைத்திருந்தாள். நான் சொல்ல வந்தது அந்த ஒரு பகலைத்தான். பெர்த்தில் ஒரு மாதம் இருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. குளிர். எல்லாம் சுத்தம். கத்திப் பேசினால் பக்கத்து வீட்டு நாய் நம்மைப் பார்க்கும்.

என் கஷ்டம் டிக்கெட் வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. தாலிக்கொடியை என்ன செய்வது?

வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால், எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிறவர். அசதியில் காற்றுக்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவார். பீரோ சாவியை பீரோ தலையிலேயே வைப்பார். தங்கச்சி வீட்டில் கொடுத்தால், அவள் அதைக் கல்யாணத்துக்கெல்லாம் போட்டுக்கொண்டு போவாள். கழுத்திலேயே போட்டுக்கொண்டு போகலாம் என்றால், என் நாத்தனார் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெளிநாட்டில் ஒருத்தி நடந்து போகிறாள், பைக்கில் ஒருவன் வருகிறான், அவ்வளவுதான். பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. எந்த நாடு என்று நாத்தனாருக்கே தெரியாது. ஆனால் வெளிநாடு.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்டேன். தாலியோடு கொடியைக் கழற்றி, கம்பெனியில் கழித்துப் போட்ட நீலக்கோடு போட்ட துணித்துண்டில் முடிந்தேன். அதை எவர்சில்வர் டப்பாவின் அடியில் வைத்து, மேலே பேப்பர் விரித்து, அதற்கு மேல் நான் சுட்ட கைமுறுக்கை அடுக்கினேன். முறுக்குக்கு அடியில் தாலி இருக்கும் என்று எவன் நினைப்பான்? யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். கழுத்தில் கிடக்கிறது என்று தங்கச்சி நினைத்துக்கொண்டாள். அப்படி இருந்தால்தான் பத்திரம்.

திருச்சி ஏர்போர்ட்டிலேயே பழனாத்தாள் என் கழுத்தைப் பார்த்துவிட்டாள். செக்கிங் மேசைக்காரி அல்லவா.

"என்னடி வெறுங்கயிறு? கொடி எங்கே?"

"வீட்டுலதான்."

"உங்கூட்டுக்காரரை நம்பியா?"

ராசாமணியக்கா சிரித்தாள். பழனாத்தாள் இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினாள். "எங்கிட்டக் குடுத்திருக்கலாமில்ல? இதுக்குள்ள போட்டு வெச்சிருப்பேன். எங்கிட்ட தாலி இருக்கும்னு எந்தத் திருடன் நெனப்பான்? ஒலகத்துலயே பத்திரமான எடம் என் இடுப்புதான்டி!"

அவளே சொல்லிவிட்டு அவளே பெரிதாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. டப்பாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். பழனாத்தாளுக்குப் புருஷன் இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார். லாரியில் கிளீனராக வடக்கே போன இடத்தில் காய்ச்சல் கண்டு, அங்கேயே யாரோ எரித்துவிட்டார்கள். இவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் அவளை ஒரு நாளும் வித்தியாசமாக நினைத்ததில்லை. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததே அவள்தான். ஆனாலும் தாலி என்று வரும்போது... எங்கள் மாமியார் சொல்லிச் சொல்லி மனசில் பதிந்துபோனது. நானாக நினைப்பதில்லை, அது தானாக வந்து நிற்கிறது. அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போகிறது. அவளுக்குத் தெரியவே தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பெட்டியைப் படம் பிடிக்கிற மிஷின். என் டப்பா உள்ளே போனது. அங்கே உட்கார்ந்திருந்த போலீஸ்காரப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்துச் சிரித்தாள். முறுக்கு அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று நினைத்து நானும் சிரித்தேன். எனக்குப் பின்னால் நின்ற பழனாத்தாளும் எட்டி அந்தத் திரையைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

கோலாலம்பூரில் மணியம் என்கிற தமிழ்த் தம்பி வேனோடு வந்து நின்றார். "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வார்களாம். வெளிநாட்டில் இறங்கினதும் ஒருவர் பசியைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? எனக்கு இளகவில்லை. நல்லபடியாகப் பேசுகிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று என் நாத்தனார் சொல்லியிருக்கிறாள். அவர் வேன் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டேன். ஐந்து நிமிஷத்தில் மறந்துவிட்டது.

ஊர் நன்றாக இருந்தது. எல்லாச் சாதி ஜனமும் ஒரே தெருவில் நடக்கிறது. முக்காடு போட்ட பொண்ணுகள், அரைக்கால் சட்டை போட்ட சீனப் பொண்ணுகள், நம் ஊர் மாதிரி பூ வைத்த பொண்ணுகள். எல்லோரும் ஒரே கடையில் நின்று டீ குடிக்கிறார்கள். ராசாமணியக்கா அந்த இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் படம் எடுத்தாள். எல்லாப் படத்திலும் நான் டப்பாவோடு நிற்கிறேன். "வேன்லயே வெச்சிட்டு வாங்கக்கா, யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார் மணியம். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், எடுக்க ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நான் விடவில்லை.

இரண்டு ஆறு சேருகிற இடத்தில் ஒரு பள்ளிவாசல். பவானியில் ஆறு கூடுகிற இடத்தில் கோயில் இல்லையா, அந்த மாதிரி. உள்ளே போக வெளியாட்களுக்கு ஒரு நீள அங்கி கொடுத்தார்கள். நான் டப்பாவை அங்கிக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். ராசாமணியக்கா அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து. "அடியே தெய்வான, இது எத்தனாவது மாசம்?" வாசலில் நின்ற ஒரு அம்மா எனக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

பழனாத்தாளும் சிரித்தாள். ஆனால் அடிக்கடி என் டப்பாவைப் பார்த்தாள். "கை வலிக்கலியா? குடு, கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேன்" என்றாள். வேண்டாம் என்றேன். சற்றுப் பொறுத்து, "முறுக்கு இவ்வளவு கனமா இருக்குமாடி?" என்றாள். "உளுந்து கொஞ்சம் தூக்கல்" என்றேன். "அப்படியா" என்றாள். சரியாகக் கவனியுங்கள், அவள் எனக்கு இரண்டு தடவை, மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

சீனக் கடைத்தெருப் பக்கம் போகும்போது, நடைபாதையோரத்தில் ஒரு படையல். ஊதுபத்தி, மெழுகுவத்தி, ஒரு குவியல் சோறு, ஆரஞ்சுப் பழம், சின்னச் சின்னக் கிண்ணத்தில் டீ. பக்கத்தில் காகிதம் எரித்த சாம்பல். ராசாமணியக்கா என்னவென்று கேட்டாள்.

"இது சீனவங்களோட பசி மாசம்க்கா" என்றார் மணியம். "செத்தவங்கள்ல கேக்க ஆளில்லாதவங்க எல்லாம் இந்த மாசம் பசியோட சுத்துவாங்களாம். அவங்களுக்காக வெக்கிறது. சொந்தக்காரங்களுக்கு இல்ல, யாருன்னே தெரியாதவங்களுக்கு. தொடக்கூடாது, தாண்டக்கூடாது, அவ்ளோதான்லா."

பழனாத்தாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தம்பி, வேற நாட்டுல செத்தவங்களும் வருவாங்களா?"

"பசிக்குப் பாஸ்போர்ட்டு ஏதுக்கா?" என்றார் அவர்.

அவள் கழுத்தைத் திருப்பி, படையல் மறைகிறவரைக்கும் பார்த்தாள். பேய் என்றதும் பயந்துவிட்டாள் என்று நினைத்து, நான் என் கைப்பையிலிருந்து திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டேன்.

மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பின் தெருவில் ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு. அங்கேதான் என் கெட்ட நேரம் ஆரம்பித்தது. எனக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். டப்பாவை வைக்க ஒரு மேடை இல்லை, மாட்ட ஒரு கொக்கி இல்லை. தாலியை அந்தத் தரையில் வைக்க முடியுமா? திரும்பி வந்து யாரிடம் கொடுப்பது என்று பார்த்தேன். ராசாமணியக்காவிடம் கொடுத்தால் திறந்து நாலு முறுக்கைத் தின்றுவிடுவாள். பழனாத்தாளிடம் கொடுத்தேன். "தொறக்காதே, நமுத்துப் போயிரும்" என்றும் சொன்னேன்.

"சரிங்க மகாராணி" என்றாள்.

பாத்ரூமில் முன்னால் ஆட்கள் நின்றார்கள். அப்புறம் உள்ளே போன எனக்குத் தாழ்ப்பாள் திறக்கவில்லை. நான் வெளியே வந்தபோது இரண்டு பேரும் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். டப்பாவைக் கையில் வாங்கினேன். எடையே இல்லை.

"முறுக்கு எங்கே?"

"அதோ, அந்தக் கடை வாசல்ல படையல் வெச்சாங்க. பக்கத்துல ஒரு காகிதத் தட்டுல எல்லாத்தையும் வெச்சிட்டேன்" என்றாள் பழனாத்தாள். "எங்காளுக்கு முறுக்குன்னா உசுரு. வேற நாட்டுல செத்தவங்களும் வருவாங்கன்னு அந்தத் தம்பி சொன்னாரில்ல."

வேன் வந்துவிட்டது. அங்கே நிறுத்தக்கூடாதாம், பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அடிப் பேப்பர்கூட இல்லை. டப்பாவின் அடியில் என் முகம்தான் தெரிந்தது.

முறுக்கோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டாள். என் தாலி பேய்ப் படையலில் கிடக்கிறது. ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? வீட்டில் இருக்கிறது என்று சொன்னவள் நான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால், ஏன் என்னிடம் கொடுக்கவில்லை என்று அவள் கேட்டால்? ஒரு காலிலிருந்த செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

"வண்டிய நிறுத்துங்க தம்பி! என் செருப்பு ஒண்ணு அங்கேயே கழண்டுருச்சு!"

"போனாப் போகுதுடி, பழைய செருப்பு" என்றாள் ராசாமணியக்கா.

"இல்ல, அது ராசியான செருப்பு!"

பழனாத்தாள் என்னையே பார்த்தாள். "செருப்பா?" என்றாள்.

"செருப்புதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. செருப்பு மட்டுந்தானா?"

"ஆமான்னு சொல்றேனில்ல!"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மணியம் அடுத்த திருப்பத்தில் நிறுத்தினார். நீங்கள் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே ஓடினேன்.

படையல் அப்படியே இருந்தது. என் முறுக்கு அழகாக ஒரு தட்டில் அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஊதுபத்தி புகைகிறது. தொடக்கூடாது என்று மணியம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "சாமிகளா, ஆவிகளா, உங்க சோறு எனக்கு வேண்டாம், என் பொருளை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே குந்தி உட்கார்ந்தேன். முறுக்கைக் கிளறினேன். இல்லை. தட்டைத் தூக்கினேன். இல்லை. சோற்றுக்குள் விரலை விட்டேன். ஆரஞ்சுப் பழங்களை உருட்டினேன். சாம்பலைக் கிண்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைச் சாம்பல் கையாலேயே துடைத்தேன் போலிருக்கிறது.

நிமிர்ந்தால், கடைக்குள்ளிருந்து ஒரு சீனத்து அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் வயதுதான் இருக்கும். நாட்டு மருந்துக் கடை மாதிரி ஒரு கடை. என் கையில் முறுக்கு, முகமெல்லாம் கரி, ஒரு காலில் செருப்பு இல்லை. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. உள்ளே போனார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று எழுந்தேன், கால் மரத்துவிட்டது. அதற்குள் ஒரு முக்காலியோடும் ஒரு தட்டோடும் வந்தார். என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தட்டில் நூடுல்ஸ். சாப்பிடு என்று கையைக் காட்டினார்.

பேய்ப் படையலைத் தின்கிற அளவுக்குப் பசி என்று நினைத்துவிட்டார் பாருங்க, புண்ணியவதி.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவர் பாஷை தெரியாது. அது சைவமா என்று கேட்கவும் தெரியாது. அவர் எதிரே நின்று, சாப்பிடு சாப்பிடு என்கிறார். சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், ருசியாக இருந்தது. அப்போதுதான் ராசாமணியக்கா தெருமுனையில் வந்து நின்றாள், கையில் போனோடு. அந்தப் படம் இப்போது கம்பெனி முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மணியம் ஓடி வந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என் வெறுங்காலைக் காட்டி என்னவோ கேட்டார். மறுபடியும் உள்ளே போய் ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து, குனிந்து என் கால் பக்கத்தில் வைத்தார். இதோ பாருங்க, இதுதான். பெர்த்திலும் இதைத்தான் போட்டேன். கூட இரண்டு ஆரஞ்சுப் பழமும் கொடுத்தார், படையலில் இருந்து இல்லை, கடைக்குள்ளிருந்து. அதை எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லச் சொல்லியும் ராசாமணியக்கா சொல்லுவதில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் என் காலில் என் பழைய செருப்பு தட்டுப்பட்டது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வந்து கிடந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"என் தாலிக்கொடி போச்சு" என்றேன். "டப்பாவுலதான் வெச்சிருந்தேன். பேய் தூக்கிட்டுப் போயிருச்சோ, மனுசன் தூக்கிட்டுப் போயிட்டானோ."

ராசாமணியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மணியம் பாட்டை நிறுத்தினார். பழனாத்தாள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். உள்ளே விரலை விட்டு நீலக்கோட்டுத் துணியை வெளியே இழுத்தாள். நான் போட்ட முடிச்சு, போட்டபடியே இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. வந்ததும் கோபமும் வந்தது. "அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? பேய்ச் சோத்துல கைய விட்டுத் துழாவுனேனே!"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். "திருச்சியில திரையிலயே பார்த்துட்டேன். முறுக்குக்கு அடியில வளைஞ்சு கெடந்துது. சொல்லுவே, சொல்லுவேன்னு காலையில இருந்து பார்க்கிறேன். கடைசியா, 'என் கொடி'ன்னு கேட்டிருந்தீன்னா அந்த எடத்துலயே குடுத்திருப்பேன். நீ செருப்புன்னே."

நான் கை நீட்டி அந்த முடிச்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"பயப்படாதே," என்றாள். "முடிச்சுகூட அவுக்கல. கையில படாமத் துணியோடதான் எடுத்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நெற்றியில் நான் பூசிவிட்ட திருநீறு அப்படியே இருந்தது.

ராசாமணியக்காகூடச் சிரிக்கவில்லை. வேன் ஏர்போர்ட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் யோசித்தேன். ராத்திரி இன்னொரு ப்ளேன். முன்பின் தெரியாத ஊர். டப்பா இனிமேல் ஆகாது. கழுத்தும் ஆகாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் வேறு வழி இல்லை. மடியில் கிடந்த முடிச்சை அவிழ்த்தேன். கொடியை எடுத்தேன். துணியில் என் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டேன். கொடியை அப்படியே பழனாத்தாளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினேன்.

"நீயே வெச்சிரு."

"துணி?"

"துணி எதுக்கு? சும்மா போட்டு வெய்யி."

அவள் கையைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். தாலியைப் பெருவிரலால் திருப்பிப் பார்த்தாள். "கனமாத்தான் இருக்குது" என்றாள். "உளுந்து தூக்கல்" என்றாள். அப்புறம்தான் மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். மணியம் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது, அவ்வளவு சிரிப்பு.

நான் பத்திரத்துக்காகத்தான் செய்தேன். நீங்கள் வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளக்கூடாது. பெர்த்தில் ஒரு மாதமும் அவளிடம்தான் இருந்தது. கிரகப்பிரவேசத்தன்று மட்டும் வாங்கிக் கழுத்தில் போட்டேன். கொக்கி எனக்கு எட்டவில்லை, அவளே பின்னால் நின்று மாட்டிவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் முகம் ஒரு மாதிரி போயிற்று. எட்டாத கொக்கியை யாராவது மாட்டித்தானே ஆக வேண்டும்? சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குளித்தலை தாண்டிவிட்டது போலிருக்கிறது. திருச்சியில் இறங்கினதும், "நம்மூரு வந்தாச்சு, இனியாவது கழுத்துல போட்டுக்கடி" என்று பையை எடுத்தாள். நான்தான் வேண்டாம், வீடு போய்ச் சேருகிறவரைக்கும் உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதோ, தூக்கத்திலும் இடுப்பில் கை வைத்திருக்கிறாள் பாருங்க, அந்தப் பக்கம்தான் சொருகியிருக்கிறாள். பஸ் என்றால் பலதரப்பட்ட ஜனமும் ஏறும். முன்பின் தெரியாதவர்களை இந்தக் காலத்தில் நம்ப முடிகிறதா, நீங்களே சொல்லுங்க.